ஹார்ட் வீக்கா இருக்கறவங்களுக்கு டென்ஷன் ஹார்மோன் ரத்தக் கொழுப்பை என்ன பண்ணுது?

தம்பி, நீங்க கேட்டதை சுருக்கமா ஒரு தடவை சொல்லிடுறேன், மத்தவங்க படிச்சாலும் புரியணும்ல. அப்பாவுக்கு 63 வயசு, ரெண்டு வருஷம் முன்னாடி அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சிருக்கு, இப்போ எக்கோல பம்பிங் 30 சதவீதம். போன வருஷம் 190 இருந்த மொத்த கொலஸ்ட்ரால் இப்போ 118, கொலஸ்ட்ரால் மாத்திரை டோஸ் மாறல. வெயிட்டும் ஆறு மாசத்துல 72ல இருந்து 66க்கு வந்திருக்கு, கொழுப்பெல்லாம் கரைஞ்சிடுச்சுன்னு வீட்டுல சந்தோஷம். டென்ஷன் ஆனா கொழுப்பு ஏறும்னு சொல்றாங்க, அப்பாவோ கோவக்காரர், ஆனா ரிப்போர்ட்ல இறங்கி இருக்கே, இது எப்படின்னு கேக்குறீங்க. மெட்டோபிரோலால் போட்டா நாடி 58க்கு வந்துடுது, சோர்வா இருக்கார், நிறுத்திடலாம்னு சித்தப்பா சொல்றார்னும் எழுதியிருக்கீங்க.

கடைசி விஷயத்துக்கு மட்டும் முதல்ல பதில் சொல்லிடுறேன். நீங்களா நிறுத்தாதீங்க. ஏன்னு கீழ வரும், அதுக்கும் நீங்க கேட்ட கொழுப்பு கேள்விக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு.

நான் டாக்டர் இல்ல, மெடிக்கல் காலேஜ்ல பயோகெமிஸ்ட்ரி சொல்லிக்குடுக்குறேன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்கம்மாவும் ஹார்ட் ஃபெயிலியர்ல, அதாவது ஹார்ட் வீக்காகி தேவையான ரத்தத்த பம்ப் பண்ண முடியாத நிலையில, அஞ்சு வருஷம் இருந்தாங்க, அதனால இந்த விஷயம் எனக்கு வெறும் பாடம் இல்ல.

டென்ஷன்னு நாம சொல்றது மனசுல நடக்கறத. உங்கப்பா உடம்புக்குள்ள ஓடிட்டு இருக்கற டென்ஷன் வேற, அவர் சாந்தமா சாமி கும்பிட்டுட்டு உக்காந்திருந்தாலும் அது ஓடிட்டே தான் இருக்கும். ஹார்ட் வீக்காகி பம்ப் பண்ற ரத்தம் குறைஞ்சா, கழுத்து ரத்தக்குழாய்லயும் இதயத்துலேருந்து கிளம்புற பெரிய குழாய்லயும் இருக்கற பிரஷர் சென்சாருக்கு தெரியறது ஒண்ணே ஒண்ணு தான், ரத்தம் பத்தல. ஏன் பத்தலன்னு அதுக்குத் தெரியாது. மனுஷ உடம்பு ஆதிகாலத்துலேருந்து பழகினது காயம் பட்டு ரத்தம் கொட்டறதுக்கும் தண்ணி இல்லாம காயறதுக்கும் தான், அதனால இப்பவும் அதே மாதிரி தான் நடந்துக்குது, நரம்பு நுனியில நார்அட்ரினலின்ங்கற டென்ஷன் ஹார்மோனக் கொட்டுது, கிட்னிய உசுப்பி உப்பையும் தண்ணியயும் பிடிச்சு வைக்குது, அட்ரினல் சுரப்பிலேருந்து கார்டிசால்ங்கற இன்னொரு டென்ஷன் ஹார்மோனும், உப்பத் தேக்கற ஆல்டோஸ்டிரோனும் வருது. அடிபட்ட ஆளுக்கு இது ரெண்டு மணி நேரம் உயிரக் காப்பாத்தும். வீக்கான ஹார்ட்டுக்கு மாசக்கணக்குல வருஷக்கணக்குல இப்படியே போனா, சோர்ந்து போன மாட்ட சாட்டையால அடிச்சுட்டே இருக்கற மாதிரி தான். 1984ல அமெரிக்காவுல ஜே கோன்னு ஒரு டாக்டரும் அவர் குழுவும் 106 ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிங்களோட ரத்தத்துல நார்அட்ரினலின் எவ்வளவு இருக்குன்னு அளந்து வச்சுட்டு பின்தொடர்ந்து பாத்தாங்க, யாருக்கு அது ஜாஸ்தியோ அவங்க தான் சீக்கிரம் போய்ச் சேர்ந்தாங்க. அந்த ஒரு ஆராய்ச்சி தான் ஹார்ட் ஃபெயிலியரப் பத்தின பார்வையவே மாத்துச்சுன்னு நான் வகுப்புல சொல்வேன், அது வரைக்கும் பம்ப் ரிப்பேர்னு மட்டும் பாத்தாங்க, அப்புறம் தான் ஹார்மோன் வியாதியாவும் பாக்க ஆரம்பிச்சாங்க.

சரி இப்போ கொழுப்பு. இங்க தான் எல்லாரும் குழம்புறது, ஏன்னா தமிழ்ல கொழுப்புன்னு ஒரே வார்த்தையில நாலஞ்சு விஷயத்த சொல்லிடுறோம். லேப்ல லிப்பிட் ப்ரொஃபைல்னு எடுத்தா மொத்த கொலஸ்ட்ரால், கெட்டதுன்னு சொல்ற எல்டிஎல், நல்லதுன்னு சொல்ற ஹெச்டிஎல், ட்ரைகிளிசரைடு இதெல்லாம் வரும். டென்ஷன் ஹார்மோன் முதல்ல நேரடியா ஏத்தற கொழுப்பு இந்த லிஸ்ட்லயே கிடையாது. அதுக்குப் பேரு ஃப்ரீ ஃபேட்டி ஆசிட். சாதாரண ரிப்போர்ட்ல யாரும் அத பாக்கறது இல்ல, அதனால வீட்டுல யாருக்கும் அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.

நம்ம தோலுக்கு அடியிலயும் தொப்பைக்குள்ளயும் இருக்கற கொழுப்பு செல்ல ஒரு நெல்லுக் குதிர் மாதிரி நினைச்சுக்கோங்க. உள்ள ட்ரைகிளிசரைடா அடைச்சு வச்சிருக்கு, அதாவது ஒரு கிளிசரால் முதுகெலும்புல மூணு ஃபேட்டி ஆசிட் வால் மாட்டியிருக்கும். அந்தக் கொழுப்புத் துளியச் சுத்தி பெரிலிப்பின்னு ஒரு புரதம் காவல் நிக்குது. நார்அட்ரினலின் வந்து செல்லோட மேல இருக்கற பீட்டா ரிசெப்டார்ங்கற கதவத் தொட்டா உள்ள ஒரு சிக்னல் ஓடி காவல்காரன் நகர்ந்துடுவான், வெட்டுற என்சைம்லாம் உள்ள புகுந்து வால ஒண்ணொண்ணா கழட்டும், கழண்ட ஃபேட்டி ஆசிட் ரத்தத்துக்கு வந்து ஆல்புமின்கற புரதத்து மேல ஏறி ஊர் சுத்தும். எந்த நேரத்துல பாத்தாலும் ரத்தத்துல இது மொத்தமா ஒரு கிராம் கூட இருக்காது, ஆனா சில நிமிஷத்துக்குள்ள பாதி செலவாகி புதுசு வந்துட்டே இருக்கும், ஒரு நாள்ல கணக்குப் போட்டா நூறு கிராமுக்கு மேல ஓடிப் போயிருக்கும். வாய்க்கால்ல தண்ணி மட்டம் அரை அடி தான் இருக்கும், ஆனா நாள் முழுக்க ஓடினா ஏரியே காலியாகும்ல, அது மாதிரி.

இந்தக் குதிருக்குப் பூட்டுப் போடுறது இன்சுலின். சாப்பிட்டதும் இன்சுலின் வந்து கொழுப்பு உடையறத நிறுத்தும். ஹார்ட் ஃபெயிலியர்ல அந்தப் பூட்டும் சரியா வேலை செய்யாது, சுகர் வியாதி இல்லாதவங்களுக்கே இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் வந்துடும், அதாவது இன்சுலின் சொல்றத உடம்பு சரியா கேக்காது, ஏன்னா நார்அட்ரினலினும் கார்டிசாலும் இன்சுலினுக்கு எதிர்ப்பக்கம் இழுக்கற ஹார்மோன்கள், அதோட ஃபேட்டி ஆசிட் ஜாஸ்தியானா அதுவே இன்சுலின் வேலையக் கெடுக்கும். கார்டிசால் இன்னொண்ணும் பண்ணுது, நார்அட்ரினலின் தட்டுற கதவு சுலபமாத் திறக்க எண்ணெய் போட்டு வைக்குது. தசைப் புரதத்தையும் உடைச்சு எடுக்குது.

மூணாவதா ஒரு சாவி இருக்கு, இதக் கண்டுபிடிச்சது பிரான்ஸ்ல துலூஸ் நகரத்து ஆளுங்க, 2000ல வெளியாச்சு. ஹார்ட்டு வீங்கி இழுபட்டா அதுவே ஒரு ஹார்மோன சுரக்கும், உங்கப்பாவுக்கு ப்ரோபிஎன்பின்னு ஒரு டெஸ்ட் எழுதியிருப்பாங்க, அதே குடும்பம் தான். உப்பையும் தண்ணியயும் வெளிய தள்ளறதுக்காக வர நல்ல ஹார்மோன் அது, ஆனா மனுஷங்களோட கொழுப்பு செல்லுல அதுவும் கொழுப்ப உடைக்குதுன்னு அவங்க காட்டினாங்க, பீட்டா ரிசெப்டார் வழியே போகாம தனி வழியில. எலியில இந்த வேலை சரியா நடக்காததால ரொம்ப நாள் யார் கண்ணுலயும் படல. படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, கஷ்டப்படற ஹார்ட்டு தானே கொழுப்பு செல்லுக்கு தூது விட்டு எனக்கு எரிபொருள் அனுப்புன்னு கேக்குது பாருங்க.

எரிபொருள் தானே, வந்தா நல்லது தானேன்னு தோணும். நல்ல ஹார்ட்டு சாதாரணமாவே தன்னோட சக்தியில 60, 70 சதவீதத்த ஃபேட்டி ஆசிட்லேருந்து தான் எடுக்குது. பிரச்சனை என்னன்னா அதே அளவு சக்தி எடுக்க குளுக்கோஸவிட ஃபேட்டி ஆசிட்டுக்கு சுமார் 10 சதவீதம் ஆக்ஸிஜன் கூடத் தேவை. ரத்தக்குழாய் அடைப்பு இருக்கற ஹார்ட்டுக்கு அந்த 10 சதவீதமே பெருசு. அதுக்கும் மேல, வீக் முத்திப் போன ஹார்ட்டுல எரிக்கிற சக்தியே குறைஞ்சிடும், வர்றது நிறைய எரியறது கம்மின்னா மிச்சம் செல்லுக்குள்ளயே தேங்கி வேற கெட்ட பொருளா மாறும், செரமைடு அதுல ஒண்ணு, செல்லு தானே சாகறதுக்கு வழி காட்டிவிடும். 1968லயே எடின்பரோவுல மைக்கேல் ஆலிவரும் குரியனும் இன்னொருத்தரும் சேர்ந்து, அட்டாக் வந்தவங்கள்ல ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் அதிகமா இருக்கறவங்களுக்குத் தான் துடிப்பு தாறுமாறா ஆகறதும் சாவும் அதிகம்னு எழுதினாங்க. தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன்ல இருந்த லயனல் ஓப்பி 2004ல இத ஒரு விஷச் சுழல்னு விளக்கினார். ஹார்ட் வீக்காக நார்அட்ரினலின் ஏறும், அதனால ஃபேட்டி ஆசிட் ஏறும், அதனால இன்சுலின் வேலை கெட்டு ஹார்ட்டுக்கு ஆக்ஸிஜன் செலவு ஏறி இன்னும் வீக்காகும், திரும்ப முதல்லேருந்து.

அப்போ அந்த ஃபேட்டி ஆசிட்ட மட்டும் மாத்திரை குடுத்து குறைச்சுட்டா வேலை முடிஞ்சுதேன்னு கேப்பீங்க, என் மாணவர்களும் அதே தான் கேப்பாங்க. ஃபின்லாந்துல துர்க்கு நகரத்துல செஞ்சு பாத்தாங்க, 2006ல வந்தது. அசிபிமாக்ஸ்னு ஒரு மருந்து, கொழுப்பு உடையறத சட்டுன்னு நிறுத்திடும். ஹார்ட் வீக்கானவங்களுக்குக் குடுத்து ஃபேட்டி ஆசிட்ட திடீர்னு இறக்கினா ஹார்ட்டோட வேலையும் குறைஞ்சுது, திறனும் குறைஞ்சுது. நல்ல ஹார்ட்டு குளுக்கோஸுக்கு மாறி சமாளிச்சுக்குது, வீக்கான ஹார்ட்டுக்கு அப்படி மாறிக்கத் தெரியல. குடிக்கறது கெட்ட தண்ணியா இருந்தாலும் வேற தண்ணி காட்டாம அத மட்டும் பிடுங்கிட்டா என்ன ஆகும், அது தான் ஆச்சு. அதனால தான் கொழுப்புல கை வைக்காம, அதத் தூண்டிவிடற ஹார்மோன் பக்கம் நிதானமா பிடிச்சு இறக்கற வைத்தியம் நின்னுது.

உங்க சித்தப்பா நிறுத்தச் சொல்ற மெட்டோபிரோலால் அது தான் தம்பி, பீட்டா ரிசெப்டார மூடி வைக்கற பீட்டா பிளாக்கர்ங்கற வகை. ஸ்வீடன்ல கோத்தன்பர்க்ல ஃபின் வாக்ஸ்டீன்னு ஒரு டாக்டர் 1975ல வெறும் ஏழு நோயாளிங்களுக்கு பீட்டா பிளாக்கர் குடுத்து நல்லா ஆகுதுன்னு எழுதினப்போ யாரும் நம்பல, வீக்கான ஹார்ட்ட இன்னும் வீக்காக்குற மருந்தக் குடுக்கறாங்களேன்னு தான் பாத்தாங்க, வருஷக்கணக்கா பாடப்புத்தகத்துல ஹார்ட் ஃபெயிலியருக்கு பீட்டா பிளாக்கர் குடுக்கக்கூடாதுன்னே இருந்துச்சு. 1999ல பைசோபிரோலால் வச்சு ஒண்ணு, மெட்டோபிரோலால் சக்சினேட் வச்சு ஒண்ணுன்னு ரெண்டு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு, ரெண்டுலயும் சாவு 34 சதவீதம் குறைஞ்சுது. ரெண்டு வருஷம் கழிச்சு கார்வெடிலாலும் அதே மாதிரி. ஸ்கேன் வச்சுப் பாத்தப்போ கார்வெடிலால் எடுத்தவங்களோட ஹார்ட்டு ஃபேட்டி ஆசிட் இழுக்கறது பாதிக்கும் மேல குறைஞ்சிருந்துச்சு, ஆனா அசிபிமாக்ஸ் மாதிரி இல்லாம பம்பிங்கும் கூடுச்சு, ஏன்னா சாட்டையும் சேர்ந்து கீழ விழுந்துடுது.

பீட்டா பிளாக்கர் போட்டா ட்ரைகிளிசரைடு ஏறும்னு சிலர் பயமுறுத்துவாங்க. பழைய வகையான ப்ரோப்ரனலால், அடெனலால் இதெல்லாம் ட்ரைகிளிசரைட கொஞ்சம் ஏத்தி ஹெச்டிஎல்ல கொஞ்சம் இறக்கும், உண்மை தான், கார்வெடிலால்ல அது பெருசா இல்ல. எப்படி இருந்தாலும் ரிப்போர்ட்ல அந்த சின்ன ஏத்தத்தப் பாத்து உயிர் காக்கற மருந்த நிறுத்தறது நியாயமே இல்ல. நாடி 58 இருந்து தலைசுத்தல் மயக்கம் இல்லன்னா பொதுவா டாக்டருங்க அதுக்காக நிறுத்த மாட்டாங்க, சோர்வுக்கு வேற காரணமும் இருக்கலாம், டோஸ் குறைக்கணுமா நேரம் மாத்தணுமான்னு அவர் பாக்கட்டும். திடீர்னு நிறுத்தினா இவ்வளவு நாள் மூடி வச்சிருந்த ரிசெப்டாரெல்லாம் ஒரே நேரத்துல திறந்துகிட்டு நார்அட்ரினலின் மொத்தமா பாயும், அட்டாக் வந்த ஹார்ட்டுக்கு அது ரொம்ப ஆபத்து.

கார்டிசாலப் பத்தி ஒரு வார்த்தை. ஆல்டோஸ்டிரோன் போய் உக்கார்ற இடத்துலயே கார்டிசாலும் உக்காரும், ஹார்ட்டுல தழும்பு விழறதுக்கு அதுவும் ஒரு வழி. ஸ்பைரோனோலாக்டோன் அந்த இடத்த அடைக்குது, 1999ல வந்த ஆராய்ச்சியில முத்தின ஹார்ட் ஃபெயிலியர்ல சாவ 30 சதவீதம் குறைச்சுது. அப்பாவோட நீர் மாத்திரைல அதுவும் ஒண்ணா இருக்கும் பாருங்க, வெறும் தண்ணி இறக்கறதுக்குன்னு நினைச்சு வீக்கம் இல்லாத நாள்ல விட்டுடறாங்க, விடக்கூடாது.

இப்போ உங்க உண்மையான குழப்பத்துக்கு வரேன், கொலஸ்ட்ரால் ஏன் 118. ஆரம்பத்துல ஹார்மோன் வேலையால வர ஃபேட்டி ஆசிட் கல்லீரலுக்குப் போகும், முக்கியமா தொப்பைக்குள்ள இருக்கற கொழுப்பு நேரா கல்லீரலுக்குத் தான் வடியுது. கல்லீரல் அத மூட்டை கட்டி ட்ரைகிளிசரைடா திருப்பி அனுப்பும், அதனால அந்தக் கட்டத்துல ட்ரைகிளிசரைடு ஏறி ஹெச்டிஎல் இறங்கும். டென்ஷன் ஆனா கொழுப்பு ஏறும்னு நீங்க படிச்சது இந்தக் கட்டத்துக்குப் பொருந்தும். நோய் முத்தினா கதையே வேற. கல்லீரல்ல ரத்தம் தேங்கி அதால சரியா கொலஸ்ட்ரால் தயாரிக்க முடியல, குடலும் நீர் கோத்து வீங்கி சாப்பாடு சரியா உறிஞ்சறது இல்ல, ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள அழற்சி வேற, இதோட குதிர் ராப்பகலா திறந்தே கிடக்குது. அப்போ கொலஸ்ட்ரால் தானா இறங்கும்.

அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலஸ்ல ஆயிரத்துக்கும் மேல ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிங்களப் பாத்து 2002ல எழுதினாங்க, கொலஸ்ட்ரால் குறைவா இருந்தவங்க தான் சீக்கிரம் இறந்தாங்க. ஐரோப்பாவுலயும் அதே தான் வந்துச்சு. வீங்கின குடல்லேருந்து கசியற பாக்டீரியா விஷத்த ரத்தத்துல இருக்கற கொழுப்புத் துகள் பிடிச்சு அடக்குதோன்னு ஒரு கருத்தும் இருக்கு. என் புரிதல் என்னன்னா, பெரும்பாலும் கொலஸ்ட்ரால் குறையறது நோய் முத்தினதோட அடையாளம், அது காரணம் இல்ல. அதனால நெய்ய ஊத்தி 118அ 190 ஆக்கினா உடம்பு தேறிடும்னு தயவுசெஞ்சு கணக்குப் போடாதீங்க.

ஸ்டாடின், அதாவது கொலஸ்ட்ரால் குறைக்கற மாத்திரை பத்தியும் இங்கயே சொல்லிடுறேன். ஹார்ட் ஃபெயிலியர் வந்தவங்களுக்குப் புதுசா ரோசுவாஸ்டாடின் 10 மில்லிகிராம் ஆரம்பிச்சு ரெண்டு பெரிய ஆராய்ச்சி பண்ணாங்க, 2007ல 5,011 பேர் வச்சு ஒண்ணு, 2008ல இத்தாலியில 4,574 பேர் வச்சு ஒண்ணு. எல்டிஎல் நல்லா இறங்குச்சு, சாவு குறையல. உங்கப்பா கேஸ் அது இல்ல, அவருக்கு ஸ்டென்ட் இருக்கு, அடைப்புக்காக முன்னாடியே குடுத்த ஸ்டாடின் அது, அதனால இதப் படிச்சுட்டு அதையும் நிறுத்திடாதீங்க.

அப்பா கோவத்துக்கு இதுல பங்கே இல்லையான்னா, இருக்கு. ஒரு பெரிய கோவத்துல அட்ரினலின் எகிறும், சில நிமிஷத்துல ஃபேட்டி ஆசிட்டும் எகிறும். ஜப்பான்ல 1990ல டாகோட்சுபோன்னு பேர் வச்சாங்க, பெரிய அதிர்ச்சி துக்கத்துல நல்ல ஹார்ட்டே திடீர்னு பலூன் மாதிரி வீங்கிப் போறது, ஆக்டோபஸ் பிடிக்கற பானை மாதிரி இருக்கறதால அந்தப் பேர். ஆனா உங்கப்பாவப் பொறுத்தவரைக்கும் தினசரி ஹார்மோன ஏத்திட்டு இருக்கறது கோவத்தவிட வேற விஷயமா இருக்கலாம், அதப் பாருங்க. மாத்திரை விட்டுப் போறது, பீடி சிகரெட், மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்புல தானா வாங்கற வலி மாத்திரை, அது உப்பையும் தண்ணியயும் தேக்கும். ராத்திரி குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வந்தா ஒவ்வொரு தடவையும் நார்அட்ரினலின் அடிக்கும், அத டாக்டர்கிட்ட சொல்லணும். விரதம்னு பகல் முழுக்க பட்டினி இருந்தா இன்சுலின் இறங்கி குதிர் இன்னும் அகலமாத் திறக்கும், அதோட இவ்வளவு வெயிட் குறைஞ்ச ஆள் விரதம் இருக்கவே கூடாதுன்னு நான் நினைக்கிறேன். டாக்டர் ஓகே சொன்னா மெதுவா தினமும் நடக்கறது நரம்பு வேகத்தையே குறைக்கும், உக்காந்து கோவத்த அடக்கறதவிட அது நிஜமா வேலை செய்யும். கோவப்படாதீங்கன்னு அவர்கிட்ட திரும்பத் திரும்ப சொல்லி அவர் மேலயே பழி போடாதீங்க, பாவம், அவர் உடம்புல ஓடற டென்ஷனுக்கு அவர் பொறுப்பு இல்ல.

எனக்கு ரொம்பக் கவலையா இருக்கறது அந்த ஆறு கிலோ தான். 72ல ஆறுன்னா 8 சதவீதத்துக்கு மேல. ஹார்ட் ஃபெயிலியர்ல முயற்சி பண்ணாமலே ஆறு சதவீதத்துக்கு மேல வெயிட் குறைஞ்சா அத கேச்செக்சியான்னு சந்தேகப்படணும், உடம்பு தன்னையே தின்னுட்டு இருக்குன்னு அர்த்தம், ஜெர்மன் டாக்டர் ஸ்டெஃபான் ஆங்கரும் கூட இருந்தவங்களும் 1997ல இந்த மாதிரி மெலிஞ்சவங்களுக்கு ஆயுசு குறைவுன்னு காட்டினாங்க, மெலிஞ்சவங்க ரத்தத்துல நார்அட்ரினலினும் கார்டிசாலும் தான் உச்சத்துல இருந்துச்சு. நீர் மாத்திரையில தண்ணி இறங்கினதா, சதையும் கொழுப்பும் போனதான்னு டாக்டர் தான் பாத்து சொல்லணும். அடுத்த விசிட்டுக்குக் காத்திருக்காம இந்த வாரமே போங்க, ரெண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துட்டுப் போய் கொலஸ்ட்ரால் டோஸ் மாறாமலே இவ்வளவு இறங்கியிருக்கு, வெயிட்டும் இறங்கியிருக்குன்னு சேர்த்து சொல்லுங்க, ஆல்புமினும் தைராய்டும் ப்ரோபிஎன்பியும் பாக்கணுமான்னு கேளுங்க. புரதம் எவ்வளவு சாப்பிடலாம்னும் கேளுங்க, கிட்னி எப்படி இருக்குங்கறதப் பொறுத்து அளவு மாறும்.

தினமும் காலையில எழுந்து பாத்ரூம் போயிட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி, ஒரே மெஷின்ல வெயிட் பாத்து நோட்டுல எழுதுங்க. மூணு நாள்ல 2 கிலோவுக்கு மேல ஏறினா தண்ணி சேருது, உடனே போன் பண்ணணும். இறங்கறத மட்டும் மெஷின் சரியா சொல்லாது. எங்கம்மாவுக்கு நாலு மாசம் வெயிட் அப்படியே 54ல நின்னுச்சு, நாங்க நிம்மதியா இருந்தோம். சதை போன இடத்துல தண்ணி ஏறிட்டு இருந்திருக்கு, கால்ல வீக்கம், ஆனா கை வளையல் முழங்கை வரைக்கும் தளர்ந்து ஏறுது, பாடம் நடத்தற எனக்கே அது உறைக்கல, பக்கத்து வீட்டு அக்கா தான் கையப் பிடிச்சுப் பாத்துட்டு சொன்னாங்க. அப்பா வாட்ச் கட்டறவரா இருந்தா போன தீபாவளிக்கு ஸ்ட்ராப்ப எந்த ஓட்டையில போட்டார், இப்போ எந்த ஓட்டையில போடுறார்னு பாத்துட்டு அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.